ஒரே கம்பியில் ஒரு குடும்பம்: கருவிகள் முகவரி பெறும் விதம்

தேக்காவில், பஃபலோ சாலையை ஒட்டிய ஒரு வீவக வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மாலை நேரம். பாட்டிக்கு வசந்தம் ஒளிவழியில் நாடகம் பார்க்க வேண்டும். அவருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான்: மின்னிலக்கப் பெட்டியின் ரிமோட்டில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்துவது. அழுத்தினால் தொலைக்காட்சி தானாக விழித்துக்கொள்ளும். சரியான படமும் வரும். இன்னொரு ரிமோட்டைத் தேடிக் கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டிய வேலை இல்லை.

ஒரு நாள் பேரன் விளையாட்டுக் கருவி ஒன்றை வாங்கி வருகிறான். அந்தப் பழைய தொலைக்காட்சியில் எச்டிஎம்ஐ துளைகள் இரண்டே இரண்டு. ஒன்றில் மின்னிலக்கப் பெட்டி, மற்றொன்றில் சவுண்ட்பார். எனவே மலிவான எச்டிஎம்ஐ சுவிட்ச் ஒன்றை வாங்கி, முதல் துளையில் செருகி, மின்னிலக்கப் பெட்டியையும் விளையாட்டுக் கருவியையும் அதில் இணைக்கிறான்.

மறுநாள் பாட்டி சிவப்புப் பொத்தானை அழுத்துகிறார். தொலைக்காட்சி விழிக்கிறது. ஆனால் திரையில் நாடகம் இல்லை. விளையாட்டுக் கருவியின் படம்! “ரிமோட் கெட்டுப்போச்சு” என்கிறார் பாட்டி. “டிவி பழசாகிவிட்டது, புதிது வாங்கிவிடலாம்” என்கிறார் அப்பா.

உண்மையில் எதுவும் கெட்டுப்போகவில்லை. அந்த வீட்டில் இரண்டு கருவிகள் ஒரே முகவரியில் குடியிருக்கின்றன. அவ்வளவுதான். அது எப்படி நடந்தது என்று புரிந்துகொண்டால், ஒரு நல்ல தொலைக்காட்சி குப்பைக்குப் போகாமல் தப்பிக்கும்.

பதின்மூன்றாவது ஊசி

எச்டிஎம்ஐ இணைப்பு முறை 2002ஆம் ஆண்டு டிசம்பரில் அறிமுகமானது. ஹிட்டாச்சி, பானசோனிக், ஃபிலிப்ஸ், சோனி, தோஷிபா, தாம்சன், சிலிக்கான் இமேஜ் ஆகிய ஏழு நிறுவனங்கள் சேர்ந்து அதை உருவாக்கின. படத்தையும் ஒலியையும் ஒரே கேபிளில் கொண்டுசெல்வது அதன் முதன்மை வேலை.

வழக்கமான எச்டிஎம்ஐ செருகியில் 19 ஊசிகள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை படத்தையும் ஒலியையும் சுமக்கும். பதின்மூன்றாவது ஊசியின் வேலை வேறு. கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கான தனிக் கம்பி அது. அந்த உரையாடல் முறைக்குச் சிஇசி என்று பெயர். ‘நுகர்வோர் மின்னணுக் கருவிகளின் கட்டுப்பாடு’ என்பது அதன் பொருள்.

இந்தக் கம்பி மிக மெதுவாகப் பேசும். ஒரு பிட் தகவலை அனுப்ப 2.4 மில்லிவிநாடி ஆகும். அதாவது ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 417 பிட். அதே கேபிளில் முழு உயர்தெளிவுப் படம் விநாடிக்கு 60 முறை ஓடும்போது, விநாடிக்கு 4.455 பில்லியன் பிட் பாய்கிறது. ஏறக்குறைய பத்து மில்லியன் மடங்கு வேறுபாடு! ஆனால் “விழித்துக்கொள்”, “உறங்கு”, “ஒலியைக் கூட்டு” என்று சொல்ல வேகம் எதற்கு? மெதுவான, மலிவான, ஒற்றைக் கம்பியே போதும்.

வீட்டில் உள்ள எல்லா எச்டிஎம்ஐ கருவிகளும் இந்த ஒரே கம்பியில்தான் தொங்குகின்றன. ஒருவர் பேசினால் எல்லாருக்கும் கேட்கும். அப்படியானால், யார் யாரிடம் பேசுகிறார் என்பது எப்படித் தெரியும்? அதற்குத்தான் முகவரி. சிஇசியில் ஒவ்வொரு கருவிக்கும் ஒன்றல்ல, இரண்டு முகவரிகள்.

நீ எங்கே இருக்கிறாய்?

முதலாவது, இட முகவரி. பாடநூல்களில் ‘பௌதிக முகவரி’ என்று படித்திருக்கலாம். கருவி எந்தத் துளையில் செருகப்பட்டிருக்கிறது என்பதை இது சொல்லும்.

சிங்கப்பூர் அஞ்சல் குறியீட்டை நினைத்துப் பாருங்கள். 1995 முதல் நாம் ஆறு இலக்கக் குறியீட்டைப் பயன்படுத்துகிறோம். தேக்கா நிலையத்தின் குறியீடு 210665. முதல் இரண்டு இலக்கங்கள் வட்டாரத்தைக் காட்டும். கடைசி மூன்று இலக்கங்கள், பஃபலோ சாலை புளோக் 665. இடமிருந்து வலமாகப் போகப் போக, இடம் குறுகிக்கொண்டே வருகிறது.

சிஇசியின் இட முகவரியும் அப்படித்தான். புள்ளியால் பிரிக்கப்பட்ட நான்கு எண்கள் அதில் உண்டு. தொலைக்காட்சிதான் மரத்தின் வேர். அதன் முகவரி 0.0.0.0. முதல் துளையில் செருகிய கருவி 1.0.0.0. இரண்டாம் துளையில் செருகிய சவுண்ட்பார் 2.0.0.0. அந்தச் சவுண்ட்பாரில் எச்டிஎம்ஐ உள்ளீட்டுத் துளை இருந்து, அதில் இன்னொரு கருவியைச் செருகினால் அது 2.1.0.0. இப்படி நான்கு படிகள் வரை போகலாம்.

இந்த முகவரியைக் கருவி தானாகக் கற்பனை செய்துகொள்வதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்கிறது. தொலைக்காட்சியின் ஒவ்வொரு துளைக்கும் பின்னால் ‘இடிஐடி’ எனப்படும் சிறிய தகவல் அட்டை உண்டு. தொலைக்காட்சியின் திறன்களோடு, “இந்தத் துளையில் செருகுபவரின் முகவரி இது” என்பதும் அதில் எழுதப்பட்டிருக்கும். கேபிளைச் செருகியதும் கருவி அதைப் படித்துக்கொள்ளும். இந்தப் படிப்பு 13ஆம் ஊசியில் நடப்பதில்லை; 15, 16ஆம் ஊசிகளில் நடக்கிறது. கேபிளைக் கழற்றினால் முகவரியும் போய்விடும். அப்போது கருவியின் இட முகவரி எஃப்.எஃப்.எஃப்.எஃப். “வீடில்லை” என்று அதற்குப் பொருள்.

நீ யார்?

இரண்டாவது, பணி முகவரி. நூல்கள் இதைத் ‘தருக்க முகவரி’ என்று சொல்லும். கருவி என்ன வேலை செய்கிறது என்பதை இது காட்டும்.

தேக்கா சந்தையில் “மீன்காரரே!” என்று கூப்பிட்டால் மீன் விற்பவர் திரும்பிப் பார்ப்பார். அவருடைய கடை எண் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் நண்பரை அந்தக் கடைக்கு அனுப்ப வேண்டுமானால் கடை எண் வேண்டும். தொழிற்பெயர் பேசுவதற்கு, கடை எண் போய்ச் சேர்வதற்கு.

பணி முகவரி 0 முதல் 15 வரையிலான ஓர் எண். நான்கு பிட்டுகளில் அடங்கிவிடும். 0 தொலைக்காட்சிக்கு. 5 ஒலிக்கருவிக்கு. 3, 6, 7, 10 ஆகியவை ஒளிபரப்பைப் பெறும் பெட்டிகளுக்கு. 1, 2, 9 பதிவுக் கருவிகளுக்கு. 4, 8, 11 படத்தை ஓட்டும் கருவிகளுக்கு. விளையாட்டுக் கருவியும் இந்தக் கடைசி வகையில்தான் சேரும். பெரிய மாமா, நடு மாமா, சின்ன மாமா என்று வரிசைப்படி அழைப்பதைப் போல, ஒரே வேலை செய்யும் மூன்று கருவிகள் 4, 8, 11 என்று எண் பெறுகின்றன.

15க்கு இரண்டு வேலை. அந்த எண்ணுக்கு அனுப்பும் செய்தி எல்லாருக்குமான பொது அறிவிப்பு. அந்த எண்ணிலிருந்து வரும் செய்தி, இன்னும் பெயர் பெறாத கருவியிடமிருந்து வருவது.

மௌனம் சம்மதம்

பணி முகவரியைப் பகிர்ந்தளிக்கும் அதிகாரி யாரும் கிடையாது. கருவிகள் தாங்களாகவே எடுத்துக்கொள்கின்றன. ஆனால் கேட்காமல் எடுப்பதில்லை.

பேரனின் விளையாட்டுக் கருவி இயங்கத் தொடங்கும்போது, “4இலிருந்து 4க்கு” என்று ஒரு வெற்றுச் செய்தியை அனுப்பும். “4 என்ற பெயரில் யாராவது இருக்கிறீர்களா?” என்று அறையில் குரல் கொடுப்பதற்குச் சமம் இது. ஏற்கெனவே 4 என்ற கருவி இருந்தால், அது “இருக்கிறேன்” என்று ஒப்புகை தரும். உடனே புதிய கருவி 8ஐ முயலும், பிறகு 11ஐ. பதில் வராவிட்டால் அந்தப் பெயர் காலியாக இருக்கிறது என்று அதை எடுத்துக்கொள்ளும்.

இந்த விசாரிப்புக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நீங்களே கணக்கிடலாம். தொடக்கக் குறிக்கு 4.5 மில்லிவிநாடி. அனுப்புநர் எண் 4 பிட், பெறுநர் எண் 4 பிட், செய்தி முடிந்தது என்பதற்கு 1 பிட், ஒப்புகைக்கு 1 பிட். ஆக 10 பிட். பிட்டுக்கு 2.4 மில்லிவிநாடி வீதம் 24. மொத்தம் 28.5 மில்லிவிநாடி.

பெயர் கிடைத்ததும் கருவி பொது அறிவிப்பு ஒன்றை விடும்: “நான் 4. என் இடம் 1.0.0.0.” பெயரையும் இடத்தையும் இணைக்கும் அறிவிப்பு இது. தொலைக்காட்சி இதைக் குறித்துக்கொள்ளும்.

இருவர் ஒரே நேரத்தில் பேசினால்?

கம்பி ஒன்றுதானே, இரண்டு கருவிகள் ஒரே கணத்தில் பேசத் தொடங்கினால் என்ன ஆகும்? இங்கே ஓர் அழகான ஏற்பாடு இருக்கிறது.

யாரும் பேசாதபோது கம்பியின் மின்னழுத்தம் 3.3 வோல்ட் என்ற மேல்நிலையில் இருக்கும். எந்தக் கருவியும் அதைக் கீழே இழுக்கலாம். யாராலும் மேலே தள்ள முடியாது. 0 என்ற பிட்டை அனுப்பக் கம்பியை 1.5 மில்லிவிநாடி கீழே பிடித்திருக்க வேண்டும். 1க்கு 0.6 மில்லிவிநாடி போதும். 1ஐ அனுப்பும் கருவி கையை விட்ட பிறகும் கம்பி கீழேயே இருந்தால், வேறு யாரோ 0 அனுப்புகிறார் என்று அதற்குப் புரிந்துவிடும். உடனே அது ஒதுங்கிக்கொள்ளும். வென்றவரின் செய்தி துளியும் சிதையாமல் போய்ச் சேரும்.

செய்தியில் முதலில் போவது அனுப்புநரின் பணி முகவரி. ஆகவே சிறிய எண் கொண்டவரே வெல்வார். மின்னிலக்கப் பெட்டியின் எண் 3, ஈரிலக்கத்தில் 0011. விளையாட்டுக் கருவியின் எண் 4, ஈரிலக்கத்தில் 0100. இரண்டாவது பிட்டிலேயே 3 வென்றுவிடும். தொலைக்காட்சியின் 0000த்தை யாராலும் வெல்ல முடியாது.

பாட்டி வீட்டில் நடந்தது

இப்போது பாட்டியின் சிவப்புப் பொத்தானுக்கு வருவோம். சுவிட்ச் வருவதற்கு முன் நடந்தது இதுதான். மின்னிலக்கப் பெட்டி முதலில், “3இலிருந்து 0க்கு: விழித்துக்கொள்” என்றது. அடுத்து, “3இலிருந்து எல்லாருக்கும்: இப்போது படம் தருவது நான்; என் இடம் 1.0.0.0” என்றது. தொலைக்காட்சி விழித்து, முதல் துளைக்கு மாறியது.

இரண்டாவது செய்தியில் பணி முகவரி மட்டும் போதாததைக் கவனியுங்கள். 3 என்று கேட்டால் யார் என்று தெரியும். எந்தத் துளைக்கு மாறுவது என்று தெரியாது. அதனால்தான் இட முகவரியும் செய்தியோடு போகிறது.

பிறகு மலிவு சுவிட்ச் வந்தது. அதற்கென்று தகவல் அட்டை எதுவும் கிடையாது. தொலைக்காட்சியின் முதல் துளையில் இருக்கும் அட்டையை அப்படியே இரு பக்கமும் காட்டும். மின்னிலக்கப் பெட்டி படித்தது 1.0.0.0. விளையாட்டுக் கருவி படித்ததும் 1.0.0.0. பெயர்கள் வேறு, 3உம் 4உம். முகவரி ஒன்றே.

பாட்டி பொத்தானை அழுத்தியபோது தொலைக்காட்சி எந்தத் தவறும் செய்யவில்லை. 1.0.0.0 என்றார்கள், முதல் துளைக்கு மாறியது. ஆனால் அந்தத் துளைக்குப் பின்னால் இருந்த சுவிட்சுக்குச் சிஇசி மொழி புரியாது. பேரன் கடைசியாக விட்டுச்சென்றபடி அது விளையாட்டுக் கருவியின் பக்கமே நின்றது. அஞ்சல்காரர் சரியான கதவைத்தான் தட்டினார்; உள்ளே இரண்டு குடும்பங்கள்.

தீர்வு என்ன? அந்தச் சவுண்ட்பாரில் எச்டிஎம்ஐ உள்ளீட்டுத் துளை இருந்தால் செலவே இல்லை. சுவிட்சைக் கழற்றிவிட்டு, விளையாட்டுக் கருவியை நேராகத் தொலைக்காட்சியின் முதல் துளையில் செருக வேண்டும், அது 1.0.0.0. மின்னிலக்கப் பெட்டியைச் சவுண்ட்பாரில் செருக வேண்டும். சவுண்ட்பார் தன் துளைக்கு உரிய தகவல் அட்டையில் 2.1.0.0 என்று எழுதிக் காட்டும். இப்போது இருவருக்கும் தனித்தனி முகவரி. பாட்டியின் பொத்தான் மீண்டும் வேலை செய்யும்.

உள்ளீட்டுத் துளை இல்லாவிட்டால், ஒவ்வொரு துளைக்கும் தனி முகவரி எழுதித் தரும் சிஇசி சுவிட்ச் ஒன்றை வாங்கலாம். புதிய தொலைக்காட்சி தேவையில்லை.

எண்ணைக் கையால் வைத்த காலம்

கருவிகள் இப்படித் தாங்களே முகவரி தேடிக்கொள்வது புதிய வசதி. உங்கள் பெற்றோர் கணினி பழகிய காலத்தில் நிலைமை வேறு. அதற்கு நம் ஊர்க் கருவி ஒன்றே சாட்சி.

சிம் வோங் ஹூ 1981இல் சைனாடவுனின் பேர்ல்ஸ் சென்டரில் கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனத்தைத் தொடங்கினார். 1989இல் அந்நிறுவனம் ‘சவுண்ட் பிளாஸ்டர்’ என்ற ஒலி அட்டையை வெளியிட்டது. அதுவரை பெரும்பாலும் பீப் ஒலி மட்டும் எழுப்பிய தனிநபர் கணினிகளுக்கு இசையும் பேச்சும் கிடைத்தன. அட்டை உலகெங்கும் விற்றது. 1992இல் கிரியேட்டிவ், அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்ற முதல் சிங்கப்பூர் நிறுவனமானது.

அந்த அட்டைக்கும் முகவரி வேண்டும். வழக்கமான எண், பதினாறடிமான முறையில் 220. நமது பதின்ம முறையில் அது 544. அட்டையில் இருந்த சிறு ஊசிகளின்மேல் ‘ஜம்பர்’ எனப்படும் குட்டித் தொப்பியைக் கையால் பொருத்தி இந்த எண்ணை அமைத்தார்கள். கணினியை அழைப்பதற்கான குறுக்கீட்டு எண்ணும் தனியாக உண்டு. தொடக்ககால அட்டைகளில் அது வழக்கமாக 7. அச்சுப்பொறித் துளையும் பெரும்பாலும் அதே 7ஐப் பயன்படுத்தியது. இருவரும் மோதிக்கொண்டால் ஒலி வராது, அல்லது கணினி உறைந்து நிற்கும்.

போதாக்குறைக்கு, ஒவ்வொரு விளையாட்டும் தொடங்கும்போது “உங்கள் ஒலி அட்டையின் முகவரி என்ன?” என்று கேட்டது. தவறான எண்ணைச் சொன்னால் மௌனம். “காலியாக இருக்கிறதா?” என்று கருவியே விசாரித்துக்கொள்ளும் முறை இல்லாததால், அந்த வேலை மனிதர் தலையில் விழுந்தது.

நீங்களே முகவரி கொடுக்க

இன்றும் முகவரியை நீங்களே அமைக்க ஒரு வழி இருக்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தில் சிஇசிக்கான பொதுவான இயக்கி இடைமுகத்தை ஹான்ஸ் வெர்குயில் என்ற நிரலாளர் முன்னின்று உருவாக்கினார். 2016இல் லினக்ஸ் 4.8 பதிப்பின் சோதனைப் பகுதியில் அது சேர்ந்தது. 2017இல் 4.10 பதிப்பில் முதன்மைப் பகுதிக்கு மாறியது.

இயக்கி என்பது வன்பொருளுக்கும் நிரலுக்கும் நடுவே நிற்கும் மொழிபெயர்ப்பாளர். சிப்பு எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் நிரல் ஒரே விதமான கேள்விகளைக் கேட்கலாம். ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியில் இதை முயன்று பார்க்க முடியும்.

அங்கே வரிசை முக்கியம். முதலில் இட முகவரி, அதன் பிறகே பணி முகவரி. இட முகவரியைப் பெரும்பாலும் இயக்கியே தகவல் அட்டையிலிருந்து படித்துக்கொள்ளும். சில கருவிகளில் நிரல் அதைத் தர வேண்டும். அடுத்து, “நான் படம் ஓட்டும் கருவி” என்று நிரல் தன் பணி வகையைச் சொல்லும். எண்ணைச் சொல்வதில்லை! 4ஆ 8ஆ என்பதை இயக்கியே கம்பியில் விசாரித்து முடிவு செய்யும்.

கேபிள் செருகப்படாமல் இட முகவரி எஃப்.எஃப்.எஃப்.எஃப் ஆக இருந்தால்? கோரிக்கை வீணாகாது. இயக்கி அதை வைத்திருந்து, சரியான இட முகவரி வந்ததும் பெயரைத் தேடத் தொடங்கும். ஏற்கெனவே பெயருள்ள கருவிக்கு இன்னொரு பெயர் கேட்டால் இயக்கி மறுத்துவிடும். பழையதை நீக்கிவிட்டுத்தான் புதியது கேட்க வேண்டும்.

திரையில் காட்டுவதற்கு ஒரு பெயரும் வைக்கலாம், 14 எழுத்துகள் வரை. ஆனால் ஆங்கில எழுத்துகள் அடங்கிய ஆஸ்கி குறியீடு மட்டுமே செல்லும். ‘பாட்டி பெட்டி’ என்று தமிழில் எழுத இந்தக் கம்பியில் இடமில்லை.

வீட்டில் செய்து பாருங்கள்

தொலைக்காட்சியின் அமைப்புப் பட்டியலில் சிஇசி என்ற பெயர் இல்லாமல் இருக்கலாம். சாம்சுங் அதை ‘அனிநெட் பிளஸ்’ என்றும், எல்ஜி ‘சிம்ப்லிங்க்’ என்றும், சோனி ‘பிராவியா சிங்க்’ என்றும், ஃபிலிப்ஸ் ‘ஈசிலிங்க்’ என்றும் அழைக்கின்றன. பெயர் பலவானாலும் அடியில் ஓடுவது அதே 13ஆம் ஊசிதான்.

பெரியவர்களிடம் சொல்லிவிட்டு, தொலைக்காட்சிக்குப் பின்னால் உள்ள கேபிள்களைப் பாருங்கள். ஒரு தாளில் தொலைக்காட்சியை வேராக வைத்து மரம் வரையுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் இட முகவரியை எழுதுங்கள். பக்கத்தில் அதன் பணி முகவரி என்னவாக இருக்கும் என்று ஊகித்து எழுதுங்கள். ஒரே இட முகவரி இரண்டு முறை வருகிறதா? அப்படியானால், “இந்த டிவி அடிக்கடி தப்பான படத்தைக் காட்டுகிறது” என்று வீட்டில் யாரோ குறைப்பட்டிருப்பார்கள். காரணத்தை அவர்களிடம் உங்களால் இப்போது சொல்ல முடியும்.